இளக்கி வைத்த போல்ட்

1

உங்கள் தெருமுனையில் நிற்கிற டிரான்ஸ்ஃபார்மர் ஏன் முனகுகிறது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா?

நான் யோசித்ததில்லை. இத்தனைக்கும் எனக்குச் சோறு போடுவதே அதுதான். குஜராத்தில், பரூச்சைத் தாண்டி, சுற்றிலும் வேலிக்கருவேல் மண்டிய ஒரு துணை மின்நிலையத்தில் எனக்குப் பகல் காவல் வேலை. பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. என் நாற்காலிக்குப் பின்னால் வீடு உயரத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிறது. நாள் முழுக்க 'ம்ம்ம்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும், கதை கேட்கிறவர்கள் 'ம்' கொட்டுவது மாதிரி. யாரோ கேட்கிறார்களே என்றுதான் நான் எழுதவே ஆரம்பித்தேன். எனக்கு யாரும் எழுதச் சொல்லித் தரவில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதை என் மனைவி கமலா அனுப்பிய ஒரு குரல் செய்தியிலிருந்து வந்தது. அதை அப்படியே தருகிறேன்.

"இன்னாங்க, உங்க டிரான்ஸ்பாரம் ஏன் கத்துதுன்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சி. எங்க ஆலைக்கு ஒரு காலேஜ் மேடம் வந்துக்கினு இருக்கறாங்க இல்ல, அவங்க சொன்னாங்க. இரும்புல காந்தம் ஏறுனா அது நீளுமாம். வுட்டா சுருங்குமாம். கண்ணுக்குத் தெரியாத அளவு. செகண்டுக்கு நூறு தடவ. அதான் அந்த சத்தம். உங்க முதுகாண்ட ஒண்ணு குந்திக்கினு நீண்டு நீண்டு சுருங்குது. பாத்து இருங்க."

அன்றைக்கு நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதைப் பார்த்து உட்கார்ந்தேன்.

2

தொடக்கம் ஒன்று:

"கல்வராயன் மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில்—"

வேண்டாம். எங்கள் பக்கத்துக் கதை என்றால் மலையில் மேகத்தை இறக்கிவிடுகிறார்கள். கமலாவுக்கு வேலை நேரத்தில் மலையைப் பார்க்க ஏது நேரம்?

தொடக்கம் இரண்டு:

"டெர்பியம், டிஸ்ப்ரோசியம், இரும்பு ஆகிய மூன்றையும் தக்க விகிதத்தில் உருக்கிச் சேர்க்கும்போது கிடைக்கும் உலோகக் கலவையானது, காந்தப்புலத்தில்—"

இது உண்மை. இரண்டு நாள் போனில் தேடிப் படித்து எழுதியது. ஆனால் இதற்குள் நீங்கள் கொட்டாவி விட்டிருப்பீர்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: காந்தத்தில் சாதாரண இரும்பு நீள்வதைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு இந்தக் கலவை நீளும். அதில் செய்த ஒரு தண்டு இந்தக் கதைக்குள் இருக்கிறது.

தொடக்கம் மூன்று:

"கமலாவின் உள்ளங்கையில் ரேகை கிடையாது."

இதை வைத்துக்கொள்கிறேன்.

ரேஷன் கடையில் விரல் வைத்தால் மிஷின் அவளை யாரென்று தெரியாது என்று சொல்லிவிடும். பிறவியில் அப்படி இல்லை. கச்சிராயபாளையத்தை ஒட்டி இருக்கிற ஒரு நாட்டுச்சர்க்கரை ஆலையில் அவள் வேலை செய்கிறாள். கரும்பைப் பிழிந்த சாறு முதலில் ஒரு டாங்கில் சூடாகும். டாங்குக்குள் நீட்டு நீட்டாகக் குழாய்கள். சாறு போகப் போகக் குழாயின் உள்பக்கம் சுண்ணாம்பு மாதிரிப் பொருக்கு கட்டிக்கொள்ளும். கட்டினால் சூடு ஏறாது. வாரத்துக்கு ஒரு தரம் காஸ்டிக் சோடா ஊற்றி ஊறவைத்து, நீளப் பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும். கமலாவும் எழில்மதியும்தான் தேய்ப்பவர்கள். கையுறை கொடுத்திருக்கிறார்கள். ஈரத்தில் அது வழுக்கும். பிரஷ் பிடியில் நிற்காது. கழற்றி வைத்துவிட்டுத்தான் தேய்ப்பார்கள்.

(நான் ஊருக்குப் போன முறை அவள் கையைப் பிடித்தபோது— இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.)

அந்தக் குழாய்களில் பொருக்கே கட்டாமல் செய்கிறேன் என்று ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கியவள்தான் ஜெயசுதா. திருநாவலூர்க்காரி. சின்னசேலம் ரோட்டில் ஒரு காலேஜில் பாடம் நடத்துகிறாள். இனிமேல் கதையைக் கமலாவின் பக்கத்தில் நின்று சொல்கிறேன். நான் அங்கே இல்லை. அவள் இருந்தாள்.

3

பெட்டி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். வயலுக்குச் சோறு கொண்டுபோகிற தூக்குவாளி அளவு. எஃகில் செய்தது. தலையில் ஒரு பெரிய போல்ட். அடியில் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த முனைதான் குழாயைத் தொட்டுக்கொண்டு இருக்குமாம்.

கமலாவும் எழில்மதியும் எட்டிப் பார்த்தார்கள். ஆலையின் ஃபிட்டர் சின்னராசு கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். கரும்பு பிழிகிற உருளையிலிருந்து தண்ணீர் மோட்டார் வரை அந்த ஆலையில் எது ஓடினாலும் அவர் கை பட்டு ஓடுவதுதான்.

"உள்ள இன்னா கீது மேடம்?" என்றாள் எழில்மதி.

"ஒரு தண்டு. உன் நடுவெரல் நீளம். அத்த சுத்தி செம்புக் கம்பிச் சுருளு, காயில். கரண்ட் குடுத்தா காயில்ல காந்தம் வரும். தண்டு நீளும்."

"எம்மாந்தூரம் நீளும்?" என்றார் சின்னராசு.

"ஒரு தலமயிரு கனம்."

யாரும் சிரிக்கவில்லை. அடுத்தவர் முதலில் சிரிக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

"சொல்றேன்னு கோச்சிக்காதீங்க மேடம்," என்றார் சின்னராசு. "ஒரு மயிரளவுக்கா இம்மாம் ஒயரு?"

ஜெயசுதாதான் முதலில் சிரித்தாள். "அதேதாண்ணா. ஆனா அந்தத் தண்டு மேல ஒரு பலகைய வெச்சி நீங்க மூணு பேரும் ஏறிக் குந்தினாலும், உங்களத் தூக்கிக்கினுதான் நீளும். அதும் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவ. கொழாய இப்டி ஒதறிக்கினே இருந்தா அதுல பொருக்கு எங்க ஒக்காரும்?"

கமலா தன் உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். கையில் ஒன்றும் இல்லை. பழக்கம்.

ஜெயசுதா பெரிய ஸ்பேனரை எடுத்து, தலையில் இருந்த போல்ட்டை இறுக்கினாள். உள்ளே தட்டுத் தட்டான ஸ்பிரிங்குகள் அமுங்குகிற சத்தம் கேட்டது.

"நீளணும்னா வுட்டுப் புடிக்கணும்," என்றாள் எழில்மதி. "நீங்க இன்னாடான்னா கழுத்தப் புடிச்சி அமுக்கறீங்க."

ஜெயசுதா ஸ்பேனரைக் கீழே வைத்தாள். கமலா இந்த இடத்தை எனக்கு மூன்று தடவை சொல்லிவிட்டாள், அவ்வளவு பிடித்துப்போயிற்று அவளுக்கு.

"ரேஷன் கடை வாசல்ல கும்பல். பாதிப் பேரு நின்னுக்கினு, பாதிப் பேரு குந்திக்கினு இருக்கறாங்க. கதவு தொறந்தா எல்லாம் எழுந்துக்கும். ஆனா பாதிதான் ஏற்கெனவே நின்னுக்கினு இருக்குதே? கும்பலு அப்டி ஒண்ணும் ஒசந்துடாது. அதே, மொதல்லயே மேல ஒரு பலகைய வெச்சி அமுக்கி அத்தினி பேரையும் குந்த வெச்சிட்டா? கதவு தொறந்ததும் அத்தினி பேரும் ஒரே நேரத்துல எழுந்துப்பாங்க. பலகையவே தூக்கிடுவாங்க. இந்தத் தண்டுக்குள்ள அப்டி கோடி பேரு. நான் இறுக்கறது குந்த வெக்கறதுக்கு. கரண்ட் வந்தா கதவு தொறக்குது."

"எந்தக் கடைல நேரத்துக்குக் கதவு தொறக்கறான்?" என்றாள் எழில்மதி.

"அதுவும் அளவோட அமுக்கணும். ரொம்ப அமுக்குனா கதவு தொறந்தாலும் எழுந்துக்க முடியாது."

[இந்த இடத்தில் நான் எழுதி அடித்தது: "மனிதர்களும் அப்படித்தான். அழுத்தம் இருந்தால்தான்—". அழுத்தினால் மனிதன் வளர்வான் என்று சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவரும் பலகைக்கு அடியில் இருந்ததில்லை. தண்டு தண்டாகவே இருக்கட்டும்.]

"ஒடையுமா மேடம்?" இதைக் கேட்டது கமலா. அவள் அன்றைக்குக் கேட்ட ஒரே கேள்வி.

"அமுக்கத்துல கருங்கல்லு மாதிரி தாங்கும்க்கா. இழுத்தா பீங்கான். அதனாலயும்தான் எப்பவும் அமுக்கத்துலயே வெச்சிக்கறது. ஒடஞ்சாகூட, இறுக்கிப் புடிச்சிக்கினா தள்ளும். முந்தி மாதிரி தள்ளாது, கம்மியாத் தள்ளும். ஆனா என்னாண்ட இருக்கறது இந்த ஒண்ணுதான். வெளிநாட்டுலேர்ந்து வந்தது. இன்னொண்ணு கேட்டா காலேஜ்ல தரமாட்டாங்க."

பெட்டியின் முனையில் நீளம் அளக்கிற ஒரு டயலை ஒட்டி வைத்தாள். கடிகாரம் மாதிரி, ஒற்றை முள். "இப்ப பாருங்க" என்று கரண்ட்டைக் கூட்டிக் குறைக்கிற குமிழை மெதுவாகத் திருப்பினாள்.

முள் நகர்ந்தது. எட்டுக் கோடு.

ஒரு சத்தம் இல்லை. புகை இல்லை. திடமான ஓர் உலோகம், யாரும் தொடாமல், சூடு காட்டாமல், சுத்தியால் அடிக்காமல், தானே நீண்டுகொண்டது. கமலா குனிந்து அந்த முள்ளையே பார்த்தாள். ஆலையில் எல்லாம் ஆடும், கத்தும், எண்ணெய் கக்கும். இவ்வளவு பலத்தை இவ்வளவு அமைதியாக வைத்திருக்கிற ஒன்றை அவள் பார்த்ததில்லை. "சாமி வந்தவங்க ஆடறதத்தான் பாத்திருக்கறேன். சாமி வந்தும் ஆடாம நிக்கறவங்க மாதிரி இருந்திச்சிங்க" என்று எனக்குச் சொன்னாள். இதைவிட நன்றாக என்னால் எழுத முடியாது.

(அடிக்குறிப்பு: குமிழைப் பழையபடி திருப்பியதும் முள் இறங்கியது. ஆனால் ஏறின கணக்கில் இறங்கவில்லை. கொஞ்சம் தயங்கித் தயங்கி, வேறு வேகத்தில் வந்தது. இந்தத் தண்டு போன வழியிலேயே திரும்பி வராது என்று ஜெயசுதா சொன்னாளாம். நான் அதைக் கேட்டதும் "ஊரை விட்டுப் போனவனும்—" என்று ஆரம்பித்தேன். பிறகு டீ குடிக்கப் போய்விட்டேன்.)

அந்த வாரம் முழுக்கப் பெட்டி ஒரே ஒரு குழாயில் ஓடியது. ஜெயசுதா தினமும் வந்து டயல் வைத்துப் பார்த்தாள். தினமும் எட்டு. வாரக் கடைசியில், பெட்டிக்குப் பணம் போடுகிற கம்பெனியின் ஆட்கள் இரண்டு பேர் சேலத்திலிருந்து பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர்களுக்குத் திருப்தி என்றால் எல்லாக் குழாய்க்கும் பெட்டி வரும். பிரஷுக்கும் காஸ்டிக்குக்கும் வேலை இருக்காது. எழில்மதியும் கமலாவும் மூட்டை கட்டுகிற பக்கம் போய்விடலாம்.

ஆலை முதலாளி பிரவீன்குமார், அப்பாவுக்குப் பிறகு ஆலையைப் பார்த்துக்கொள்கிறவர், எல்லோரையும் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "அந்தப் பெட்டியாண்ட யாராவது கை வெச்சீங்க, அப்டியே வூட்டுக்குப் போயிடுங்க. மறுநாள் வரவேணாம்."

4

இப்போது சின்னராசு. இவரிடம்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

முதல் வரைவில் இவரைப் பொறாமைக்காரராக எழுதினேன். "படித்த பெண் ஒருத்தி தன் ஆலைக்குள் வந்து நிற்பது சின்னராசுவுக்குப் பொறுக்கவில்லை. அவர் கண்கள்—" இப்படி. கதைக்கு வில்லன் வேண்டுமே. எழுதியதைப் போனில் கமலாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"இன்னா எழுதி வெச்சிருக்கறீங்க? அந்த மனுசன் அந்தப் பொண்ணுக்கு தெனம் கரும்புச்சாறு புழிஞ்சி இஞ்சி போட்டுக் குடுத்தாரு. அதுக்கு இந்தப் பேரா?"

"அப்ப ஏன் அப்டி பண்ணாரு?"

"நல்லது பண்றேன்னுதான் பண்ணாரு. அத்த எழுத வராதா உங்களுக்கு?"

வராது என்றுதான் நினைத்தேன். முயற்சி செய்கிறேன்.

கரும்பு பிழிகிற உருளைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு சுற்றும். நெருக்கத்தைக் கொடுப்பது இரண்டு பக்கமும் இருக்கிற போல்ட்டுகள். ஆலையை நிறுத்தினால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: அந்த போல்ட்டுகளை இரண்டு சுற்று இளக்கி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். சும்மா நிற்கிற உருளை ராத்திரி முழுக்க நெருக்கத்தில் கிடந்தால் பேரிங் ஒரு பக்கம் குழியும், மறுநாள் ஆலை முனகும். சின்னராசு இளக்காமல் வீட்டுக்குப் போனதே இல்லை. அவசரத்துக்கு வேறு யாரிடமாவது சொல்லிவிட்டுப் போனால்கூட, "இளக்கிட்டியா?" என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் வரும். ஓடி உழைத்ததை இறுக்கத்தில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. அவ்வளவுதான் அவருடைய படிப்பு, பக்தி எல்லாம்.

அந்த வாரம் ஆலை இரவும் பகலும் நிற்காமல் ஓடியது. அதனால் இளக்க வேண்டிய தேவை வரவில்லை. சேலத்துக்காரர்கள் வருவதற்கு முந்தின நாள் சாயந்திரம், ஆலையைக் கழுவிச் சுத்தமாக வைக்கலாம் என்று பிரவீன்குமார் நிறுத்தச் சொன்னார். ஜெயசுதா பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். குமிழை மட்டும் ஓடிய இடத்திலேயே விட்டுவிட்டாள். காலையில் திரும்ப அளவு பார்த்து வைக்க வேண்டாமே என்று. பிறகு பஸ்ஸைப் பார்க்கக் கிளம்பினாள்.

சின்னராசு வழக்கப்படி சுற்றி வந்தார். முதல் உருளை, இளக்கினார். இரண்டாவது, இளக்கினார். பம்பின் கழுத்து போல்ட், இளக்கினார். பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

முதலாளி சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் வாரம் முழுக்க அது அமுங்கிக்கொண்டே கிடந்ததையும் அவர் பார்த்திருந்தார். சின்னப் பெண், புத்தகம் படித்தவள், ஓட்டத் தெரியும். நிறுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? போல்ட்டை இரண்டு சுற்று இளக்கினார். துணியால் தலையைத் துடைத்தார். ஒரு தட்டுத் தட்டினார், மாட்டைத் தட்டுகிற மாதிரி. குளிக்கப் போனார்.

5

அடுத்தது கமலா. இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன்.

சின்னராசு இளக்கியதை அவள் பார்க்கவில்லை. டாங்குக்குப் பின்னால் தரை கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்து வந்தபோது அங்கே யாரும் இல்லை. பெட்டி இருந்தது. நாளைக்கு வேறு ஆட்கள் வருவார்கள், கிட்டப் போக முடியாது. பெட்டி ஓடும்போது மெல்லியதாக ஒரு ரீங்காரம் வரும். அதை எனக்குக் கேட்க வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஓர் ஆள் அங்கே தனியாக ஒரு முனகலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு இந்த முனகலையும் அனுப்பலாம் என்று.

போனை எடுத்தாள். பதிவை அமுக்கினாள். சுவிட்சைப் போட்டாள்.

வந்தது ரீங்காரம் இல்லை. மூடி சரியாக உட்காராத பாத்திரம் கொதிக்கிற மாதிரி ஒரு கடகடப்பு. நடுவில், தனியாக, ஒரு 'டிக்'. சட்டென்று அணைத்துவிட்டாள்.

(அடிக்குறிப்பு: இறுக்கம் இல்லாமல் உதறும்போது தண்டு ஒரு கணம் அமுங்கும், மறுகணம் இழுபடும். இழுத்தால் பீங்கான் என்று ஜெயசுதா சொன்னது நினைவிருக்கிறதா? கமலாவுக்கு இருந்தது.)

அந்த நேரம் பார்த்து ஜெயசுதா திரும்பி வந்தாள். டயலை மறந்துவிட்டுப் போயிருந்தாள். டயலை எடுக்கக் குனிந்தவள் போல்ட்டைப் பார்த்தாள்.

"யாரு இத்த தொட்டது?"

குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்த சின்னராசு, "நாந்தாம்மா" என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "வாரம் பூரா அமுங்கிக்கினு கெடந்திச்சே. ரெண்டு சுத்து இளக்கி வெச்சேன். காலைல நீயே இறுக்கிக்கோ."

ஜெயசுதா அப்படியே ஒரு கரும்புக் கட்டின்மேல் உட்கார்ந்தாள். கோபப்படவில்லை. முகம் மட்டும் வெளுத்துப் போயிருந்தது.

"இளக்குனதுக்கு அப்புறம் கரண்ட் குடுத்தீங்களாண்ணா?"

"நான் ஏன்மா குடுக்கறேன்? நிறுத்துனதுக்கு எவனாவது கரண்ட் குடுப்பானா?"

"நெஜமா?"

"எம் பொண்ணு மேல ஆணையா."

அவள் மூச்சை விட்டாள். சிரித்தாள். "அப்ப ஒண்ணும் ஆவலண்ணா. சும்மா இளக்குனா ஒண்ணும் ஆவாது. லூசா இருக்கும்போது ஓடுனாதான் தண்டு போயிடும். நல்ல வேளை. இப்பவே இறுக்கி, ஒரு தடவ டயல் வெச்சிப் பாத்துடறேன்."

"பிரிச்சிப் பாக்க முடியாதாம்மா?"

"ரெண்டு முனையும் ஒட்டி வெச்சிருக்கு. பிரிச்சா திரும்ப ஒட்டிக் காயறதுக்கே நாளாவும்."

போல்ட்டில் ஸ்பேனரை வைத்தாள். அப்போதுதான் மலைப்பக்கம் காற்று தூக்கியது. (மன்னிக்கவும், மேகமும் இறங்கியது. நான் இறக்கவில்லை, தானாக இறங்கியது.) எங்கேயோ ஒயர் மேல் மரம் சாய்ந்திருக்க வேண்டும். ஆலை இருண்டது.

"காலைலதான் வரும்," என்றார் சின்னராசு.

"பரவால்ல. காலைல பாத்துக்கலாம். எட்டுதான் வரும்," என்றாள் ஜெயசுதா. கிளம்பும்போது கமலாவின் தோளைத் தொட்டு, "வரேங்க்கா. நாளைக்கு முடிஞ்சிட்டா நீங்க அந்தப் பிரஷ்ஷ எரிச்சிடலாம்" என்றாள்.

கமலா போனை முந்தானைக்குள் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

6

வீட்டுக்குப் போய் எனக்கு அனுப்பினாள். முதலில் அந்தக் கடகடப்பு. அந்த 'டிக்'. பிறகு அவள் குரல்:

"கேட்டீங்களா? அது நான் போட்ட சுவிட்சுங்க. உங்களுக்குக் கேக்கட்டும்னு போட்டேன். அவரு இளக்கி வெச்சது எனக்குத் தெரியாது. இப்ப நான் சொன்னா என்ன வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. சொல்லாட்டி, நாளைக்கு அது ஒடஞ்சிதுன்னா சின்னராசு அண்ணன் தல மேல வுழும். அவரு ஆணை வெச்சதும் பொய்யின்னுதான் நெனப்பாங்க, எவன் நம்புவான்? நான் இன்னா பண்றது, சொல்லுங்க."

நான் என்ன செய்தேன் தெரியுமா? முடிவுகள் எழுதினேன்.

முடிவு அ: கமலா சொல்லவில்லை. காலையில் சேலத்துக்காரர்களுக்கு முன்னால் ஜெயசுதா குமிழை முழுசாகத் திருப்புகிறாள். விரிசல் விட்ட தண்டு நொறுங்குகிறது. முள் அசையவில்லை. பிரவீன்குமார் சின்னராசுவைப் பார்க்கிறார். சின்னராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு—

இதற்கு மேல் எழுத முடியவில்லை. இஞ்சி போட்ட கரும்புச்சாறு நினைவுக்கு வந்தது.

முடிவு ஆ: கமலா சொல்லவில்லை. தண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. முள் எட்டுக் கோடு நகர்கிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். 'டிக்' என்றது வேறு ஏதோ ஒரு வாஷர். பிரஷ்ஷை எரிக்கிறார்கள்.

இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனால்தான் இதன்மேல் சந்தேகமாக இருக்கிறது.

முடிவு இ: கமலா சொல்கிறாள். பிரவீன்குமார் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார். அவள் சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிறாள். பெட்டி எல்லாக் குழாய்க்கும் வருகிறது. அவள் கைக்கு மட்டும் வேலை இல்லை.

இது நேர்மையான முடிவு மாதிரித் தெரிகிறது. ஆனால் நேர்மையாக இருக்கிறவளைத் தண்டித்துவிட்டுக் கண் கலங்குவது எழுதுகிறவனுக்கு ரொம்பச் சுலபம். அவன் மறுநாள் வேலைக்குப் போக வேண்டியதில்லை.

மூன்றையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"கதைல உங்களுக்கு எது தோணுதோ அத்த வெச்சிக்கோங்க," என்றாள் கமலா. "நாளைக்கு நான் ஆலைக்கு நடந்து போவணும். போயி இன்னா சொல்றது, அத்த சொல்லுங்க."

நான் அவளுக்குச் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. அது எங்கள் இரண்டு பேருக்குள் இருக்கட்டும். அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன். தலமயிர் கனம் நீள்கிற ஒரு தண்டு ஒரு பக்கம், ரேகை தேய்ந்த கை ஒரு பக்கம், இளக்கி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற ஒரு மனிதர் ஒரு பக்கம். நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்களோ, அதைப் போட்டுக்கொள்ளுங்கள்:

"கமலா, .....................................

....................................................."

அவள் "சரி" என்று மட்டும் சொன்னாள். நீங்கள் என்ன எழுதியிருந்தாலும் அவள் அதைத்தான் சொல்லியிருப்பாள். அவள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் என்னைக் கேட்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

7

மறுநாள் காலையில் கரண்ட் வந்தது. ஜெயசுதா முதல் பஸ்ஸில் வந்தாள். கமலா வாசலிலேயே நின்று, சுவிட்சைப் போட்டது தான்தான் என்று அவளிடம் சொன்னாள். போனில் இருந்த சத்தத்தையும் போட்டுக் காட்டினாள். பிரவீன்குமாரும் சின்னராசுவும் பக்கத்தில் இருந்தார்கள். ஜெயசுதா அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டாள். பிறகு போல்ட்டை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இறுக்கி, டயலை வைத்து, குமிழைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டு, மெல்ல மெல்லத் திருப்பினாள். முள் நகர்ந்தது. ஐந்து கோட்டில் நின்றது. சேலத்துக்காரர்கள் வந்ததும், நேற்று வரை எட்டு, இன்றைக்கு ஐந்து, உள்ளே விரிசல் இருக்கிறது என்று அவர்களிடம் சொன்னாள். அவர்கள் குறித்துக்கொண்டு, யோசித்துச் சொல்வதாகக் கிளம்பினார்கள். பிரவீன்குமார் கமலாவை வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. கழுவுகிற முறை வந்ததும் கமலாவும் எழில்மதியும் காஸ்டிக் வாளியை எடுத்துக்கொண்டு போய்க் குழாய்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தார்கள். பெட்டி மாட்டியிருந்த குழாயில் தேய்க்க எதுவும் இல்லை.